பயாவுக்கு இரண்டே பேர்

தாய்லாந்தின் வடக்கே இருக்கிற எங்கள் ஊர் பிரேயில் ஒருவர் எதிரே வந்தால் "எங்க போறீங்க?" என்று கேட்பதுதான் மரியாதை. "இங்கதான், அந்தப் பக்கம்" என்று அவர் சொல்வார். எந்தப் பக்கம் என்று நாங்கள் கேட்க மாட்டோம், அது எங்களுக்கு வேண்டியதும் இல்லை. அடுத்து அவர் "வாங்களேன், சேர்ந்து போகலாம்" என்பார். "இல்லல்ல, நீங்க போயிட்டு வாங்க" என்று நாங்கள் சொல்வோம். பேச்சு முடிந்தது. யாரும் யாருடனும் போவதில்லை. சோறும் அப்படித்தான். வாசலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் தெருவில் போகிற வருகிறவரை எல்லாம் கூப்பிடுவார். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தாலும் "இப்பத்தான் ஆச்சு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியாது. அவர் பெயர் கம்மூன். கூப்பிட்டால் வந்துவிடுவார்.

ஆனால் இது கம்மூன் கதை இல்லை, என் அக்காள் புருஷன் இன்சோமின் கதை. கம்மூன் வருகிறவர் என்றால் இன்சோம் மாமா கூப்பிடுகிறவர். மற்றவர்கள் வாயால் கூப்பிடுவார்கள், இவர் மனசார வேறு கூப்பிட்டுத் தொலைப்பார். இப்படி இரண்டு பேர் ஒரே சந்தில் குடியிருந்தால் என்ன ஆகும் என்பதை என் அக்கா புவாலா முப்பது வருஷத்துக்கு மேல் அனுபவித்தாள்.

மாமாவுக்கு ஐஸ் போடுகிற தொழில். பக்கத்தில் தொட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் ஐஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, விடிந்ததும் நூடுல்ஸ் கடைகளுக்கும் காப்பிக் கடைகளுக்கும் போட்டுவிட்டு வருவார். வழி நெடுக "எங்க போறீங்க", வழி நெடுக "வாங்களேன்". தொட்டியில் ஐஸ் இருக்கிறதே, எங்கே உட்காருவார்கள் என்ற யோசனையெல்லாம் கிடையாது. கம்மூன் ஐஸ் மேலேயே சாக்கை விரித்து உட்கார்ந்து போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அக்கா கல்யாணத்தன்று சாயங்காலம், மணிக்கட்டில் நூல் கட்டி வாழ்த்திவிட்டு எல்லாரும் கிளம்பினார்கள். மாமா வாசலில் நின்றுகொண்டு, "இருட்டிப் போச்சே, தங்கிட்டுப் போங்களேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஊரே "இல்லல்ல" என்றது. கம்மூன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மழைக்காலம் முடிகிற வரைக்கும் இருந்தார்.

அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் வாய் அழுகிப் போகும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சொந்தம் என்று யாரும் இல்லை. டயருக்குப் பஞ்சர் ஒட்டுவார். யோம் ஆற்றில் வெள்ளம் வந்த வருஷம், அக்கா மகள் நிப்பாவைக் கழுத்தில் தூக்கி வைத்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நடந்து வந்து கரை சேர்த்தவர் அவர்தான். ஒரு நாளும் வெறுங்கையோடு வர மாட்டார். மூங்கிலைச் சீவிப் பல்குச்சி செய்து கட்டுக் கட்டாய்க் கொண்டு வருவார். அக்கா வீட்டில் இருக்கிற பல்குச்சி இந்த மாகாணத்துக்கே போதும்.

அக்காவுக்கு இருந்த ஆத்திரம் சாப்பாட்டினால் இல்லை. போட்டோவினால். கல்யாணத்தில் தொடங்கி, கோயிலுக்குப் போனது, நிப்பா பிறந்தது, நிப்பா பட்டம் வாங்கியது, எல்லாவற்றுக்கும் போட்டோ இருக்கிறது. போட்டோக்காரர் "நெருங்கி நில்லுங்க" என்று சொன்னதும் கம்மூன் எங்கிருந்தோ வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுவிடுவார். நெருங்கச் சொன்னார்களே! அவர் தோள் எப்போதும் அக்காவின் தோளை மறைத்துக்கொண்டிருக்கும். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருக்கிற படம் அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை.

நிப்பா இப்போது தெற்கே ரொம்ப தூரத்தில், சோன்புரியில் இருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. "அம்மா, இங்கேயே வந்துடு" என்று போன் போட்டுக்கொண்டே இருந்தாள். குளிர்காலம் தொடங்கிய சமயம், ஒரு நாள் அக்கா என் தையல் கடைக்கு மாமாவையும் இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"வான், நீயே சாட்சி," என்றாள் என்னிடம். "நிப்பா அப்பா, காதைக் கொடுத்துக் கேட்டுக்குங்க. ஒரே ஒரு சனி ஞாயிறு. வெளியூர். நீங்களும் நானும் மட்டும். இன்னொரு மனுசன், ஒரே ஒரு மனுசன் கூட வந்தாலும், திங்கட்கிழமை நான் சோன்புரி பஸ் ஏறிடுவேன். அப்புறம் இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்."

"சும்மா சொல்ற," என்றார் மாமா.

"பெட்டி கட்டியாச்சு. வான்கிட்ட கேளுங்க."

கட்டியாகிவிட்டது. என் கடையில், சட்டைத் துணிக் குவியலுக்குப் பின்னால்தான் இருந்தது. மாமா அந்தப் பெட்டியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷருக்குப் பயம் பிடித்துவிட்டது. அவளில்லாமல் அவருக்குச் சாக்ஸ் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

அப்புறம் எந்த ஊர் என்று பேச்சு வந்தது. சியாங்மாய் வேண்டாம், அங்கே மாமாவுக்குச் சித்தப்பா மக்கள். லம்பாங் வேண்டாம், ஐஸ் கம்பெனி முதலாளியின் தங்கை வீடு. சியாங்ராயில் கம்மூனுடன் பட்டாளத்தில் இருந்த ஆள் ஒருவர் உண்டு.

"பயாவுல நமக்கு யாரைத் தெரியும்?" என்றாள் அக்கா.

மாமா யோசித்தார். "யாரையும் தெரியாது."

"அப்ப அதான் ஊரு."

"பயாவுல என்ன இருக்கு?"

"ஏரி இருக்கு."

"ஏரியைப் பார்த்துட்டு?"

"உக்காருவோம்."

"உக்காந்துட்டு?"

"எந்திரிப்போம். ஏன், இங்க மட்டும் என்ன பண்றோமாம்?"

நான் போன் போட்டு, ஏரியைப் பார்த்த மாதிரி ஓர் அறை பிடித்துக் கொடுத்தேன். சாயங்காலம் கரையோரம் நடை, ராத்திரி சுட்ட மீன், காலையில் படகு ஏறி ஏரி நடுவில் இருக்கிற கோயிலில் ஒரு கும்பிடு, கடைசியில் ஏரிக்கரையில் ஒரு போட்டோ. இரண்டே பேர். இவ்வளவுதான் அக்காவின் திட்டம்.

இதை ஊருக்குத் தெரியாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடு. மாமா பொய் சொல்ல மாட்டார், சின்ன வயசில் கோயிலில் பிக்குவாகக் காவி கட்டி இருந்தவர். அதனால் அவருக்கு ஒத்திகை வைத்தேன். 'அந்தப் பக்கம்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், 'வாங்களேன்' என்பது வரவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"எங்க போறீங்க மாமா?" என்று கேட்டேன்.

"பயாவுக்கு," என்றார். "நீயும் வாயேன் வான்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இவரைப் பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்கும். இன்னும் இரண்டு தடவை ஒத்திகை பார்த்தோம். இரண்டு தடவையும் என்னைப் பயாவுக்குக் கூப்பிட்டார்.

ஆகவே வேறு வழியில்லாமல், கிளம்புகிற நாள் வரைக்கும் கம்மூன் கண்ணிலேயே படக்கூடாது என்று முடிவாயிற்று. மாமா பின்பக்கச் சந்து வழியாக ஐஸ் வண்டியை ஓட்டினார். அது சுற்று வழி. பாதி ஐஸ் தண்ணீராகப் போய்ச் சேர்ந்தது என்று கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

கம்மூன் தினமும் சாயங்காலம் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் என் கடைக்கு வந்தார்.

"இன்சோமுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?"

"நல்லாத்தான் இருக்காரு அண்ணே."

"ஆளையே காணோமே."

"வேலை அண்ணே."

"ஓ," என்றார். "இதை அவன்கிட்ட கொடுத்துடு," என்று ஒரு கட்டுப் பல்குச்சியை என் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

பயாவுக்குப் போகிற வாரம், செவ்வாய்க்கிழமை காலையில் கம்மூன் இறந்துபோனார். முதலில் பார்த்தது அக்காதான். திட்டிக்கொண்டே தினமும் கொண்டு போய்க் கொடுக்கிற ஒட்டரிசிச் சோற்றை அன்றைக்கும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். தூக்கத்திலேயே போயிருந்தார். அக்கா போட்ட சத்தத்தில் சந்தே கூடிவிட்டது. அவள் அப்படி அழுவாள் என்று நான் நினைக்கவில்லை.

சொந்தக்காரர் இல்லாததால் எல்லாவற்றையும் மாமாதான் முன்னே நின்று செய்தார். எங்கள் பக்கம் தகனம் வரைக்கும் வேளாவேளைக்கு இறந்தவருக்கும் சாப்பாடு வைப்போம். வீட்டு ஆள் ஒருவர் சவப்பெட்டியைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் நான் ஊதுபத்தி பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அக்கா பின்னால் சமையலில் இருந்தாள். மாமா பெட்டியை மெல்லத் தட்டினார்.

"கம்மூன், சாப்பாடு வந்திருக்குப்பா. பச்சை மிளகாய்த் துவையல் இருக்கு, பன்றித்தோல் வறுவல் இருக்கு. எழுந்து வா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"ரெண்டு வாரமா உன் வாசல் பக்கமே வரலை. வேலைன்னு நினைச்சிருப்ப. வேலையும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. உன்னைப் பார்த்தா வாய் சும்மா இருக்காதுன்னு பின் சந்து வழியா ஓடிக்கிட்டிருந்தேன். சனிக்கிழமை நாங்க பயாவுக்குப் போறோம்." மூக்கை உறிஞ்சினார். பெட்டியைத் தடவினார். "நீயும் வாயேன்."

ஊதுபத்தி என் விரலைச் சுட்டுவிட்டது.

"மாமா! என்ன காரியம் பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்?"

"கூப்பிட்டுட்டீங்களே!"

"யாரை?" என்றார். அப்புறம் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிற்று. "வாய் தவறி வந்துருச்சு வான்."

"முப்பது வருஷமா தவறிக்கிட்டேதானே இருக்கு! தைச்சு விட்டுடவா? ஊசி நூல் கடையிலதான் இருக்கு."

மாமா நேரே கோயிலில் சடங்கு நடத்துகிற பெரியவரிடம் போய் நின்றார். நானும் பின்னாலேயே போனேன். பெரியவர் வெற்றிலையை மென்றுகொண்டே முழுவதையும் கேட்டார்.

"உசுரோட இருக்கறவன்னா 'இல்லல்ல, நீங்க போங்க'ன்னு சொல்லுவான்," என்றார். "செத்தவன் எப்படிச் சொல்லுவான்? அதுலயும் இவன் உசுரோட இருந்தப்பவே சொன்னதில்லையே."

"இப்ப என்ன பண்றது?"

"கூப்பிட்டாச்சு, கூட்டிட்டுப் போக வேண்டியதுதான். உக்கார இடம் வைக்கணும். வேளைக்குச் சோறு வைக்கணும். வாசப்படியில அவனை முன்னால விடணும். பாலத்துக்குப் பாலம் வாய்விட்டுச் சொல்லணும். சொல்லலைன்னா தண்ணி தாண்ட மாட்டான், அந்தக் கரையிலேயே நின்னுருவான். திரும்பி வந்து இங்க கோயில்ல தண்ணி வார்த்துப் புண்ணியம் கொடுத்து அனுப்பி வெச்சுருங்க. விட்டுட்டு மட்டும் வந்துராதீங்க. பயாவுல அவனுக்கு யாரைத் தெரியும்?"

"யாரையும் தெரியாது," என்றார் மாமா.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பார்களே, அது இதுதான். அக்காவிடம் சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பெட்டி என் கடையிலேயே இருந்தது. சொன்னால் திங்கட்கிழமை அவள் சோன்புரியில் இருப்பாள். வாயை மூடிக்கொண்டேன். ஆவி வருவதும் ஆள் வருவதும் ஒன்றாகுமா என்று எனக்கு நானே நியாயம் வேறு சொல்லிக்கொண்டேன்.

தகனம் முடிந்த அன்று அக்காவே கேட்டாள். "அண்ணன் போய் ஈரம்கூடக் காயலை. அடுத்த மாசம் போவோமா?"

"இல்ல," என்றார் மாமா. "சனிக்கிழமைன்னா சனிக்கிழமைதான்."

அக்கா அசந்துபோனாள். "அவர் இப்படி உறுதியா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லடி," என்று என்னிடம் வந்து ரகசியமாகச் சொன்னாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. நான் குனிந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு மேல் நடந்ததில் அக்கா ஒரு பாதி சொன்னாள், மாமா ஒரு பாதி சொன்னார். ஒட்டுப்போட்டது நான்.

பஸ்ஸில் மூன்று பேர் உட்காருகிற சீட்டு. மூன்றுக்கும் டிக்கெட் வாங்கினார் மாமா. அக்கா ஜன்னலோரம், அவர் இந்த ஓரம், நடுவில் யாரும் இல்லை. பையைக்கூட அங்கே வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டார். தான் தாராளமாகக் கையைக் காலை நீட்டி உட்காரத்தான் இந்தச் செலவு என்று அக்கா நினைத்துக்கொண்டாள். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முதல் பாலம் வந்தது. மாமா அவள் பக்கமாகச் சாய்ந்து, தணிந்த குரலில், "பாலம் வருது, பார்த்து" என்றார்.

அந்த வெள்ளத்துக்கு அப்புறம் அக்காவுக்குப் பாலம் என்றாலே நடுக்கம். கண்ணை இறுக மூடிக்கொள்வாள். இத்தனை வருஷத்தில் அதை மாமா கவனித்ததாகவே அவளுக்குத் தெரியாது. அடுத்த பாலத்திலும் சொன்னார். அதற்கு அடுத்த பாலத்திலும் சொன்னார். ஒரு பாலத்தையும் விடவில்லை. அக்கா அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டே எல்லாப் பாலத்தையும் தாண்டினாள்.

சாயங்காலம் எனக்குப் போன் போட்டாள்.

"வான், உன் மாமா ஆளே மாறிட்டாருடி. ரூம் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு, ஒதுங்கி நின்னு, 'உள்ள போங்க'ன்றாரு. போங்கவாம்! எனக்கு மரியாதையைப் பாரு!"

"ம்."

"மீன் கடையில மூணு தட்டு வாங்கினாரு. நடுத்துண்டு முழுசையும் எடுத்து ஒரு தட்டுல வெச்சு நடுவுல தள்ளி விட்டுட்டாரு. 'யாருக்கு?'ன்னு கேட்டேன். பதிலே சொல்லாம ஒரு மாதிரி பார்த்தாரு. வெக்கப்படறாருடி இந்த வயசுல. நானே சாப்பிட்டுட்டேன்."

"நல்லது," என்றேன். வேறு என்ன சொல்வது? கம்மூன் அண்ணன் பட்டினி கிடக்கிறாரே என்று ஒரு கவலையும், என் அக்கா இப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று ஒரு சந்தோஷமும் ஒன்றாய் வந்தன. எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கவில்லை.

"பாலத்துக்குப் பாலம் சொன்னாரு வான்," என்றாள். "பார்த்து, பார்த்துன்னு." அதோடு போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படகு ஏறும்போதும் "மெதுவா, கால் வெச்சு ஏறுங்க" என்றார். கோயிலில் கும்பிட்டார்கள். திரும்பி வந்து ஏரிக்கரையில் நின்றார்கள். பேங்காக்கிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணிடம் அக்கா போனைக் கொடுத்து, "எங்க ரெண்டு பேரையும் ஒரு படம் எடும்மா" என்றாள். ரெண்டு பேர் என்பதை அழுத்தியே சொன்னாளாம்.

அந்தப் பெண் போனை உயர்த்திப் பிடித்தாள். "இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்கம்மா."

இருவரும் சிரித்த முகமாக அப்படியே நின்றார்கள்.

"அம்மா, இன்னும் நெருங்கலாம். நடுவுல ஒரு ஆளே நிக்கலாம் போல இருக்கே!" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அக்கா படத்தைப் பார்த்தாள். பின்னால் ஏரி, மலை. இந்தப் பக்கம் மாமா, அந்தப் பக்கம் அவள். நடுவில் சரியாக ஒரு மனுஷன் நிற்கிற இடம். மாமா மட்டும் தள்ளி நிற்கவில்லை, பாதி இடத்தை அவளே விட்டிருந்தாள். பழக்கம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, நடு சீட்டு, மூன்றாவது தட்டு, திறந்து பிடித்த கதவு எல்லாம் ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தன.

"நிப்பா அப்பா," என்றாள். "கம்மூன் அண்ணன் இங்க இருக்காரா?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "இருக்கான்."

"எப்பலேர்ந்து?"

"பஸ் ஏறினதுலேர்ந்து."

"கதவு பிடிச்சது?"

"அவனுக்கு."

"மீனு?"

"அவனுக்குத்தான். நீ சாப்பிட்டுட்ட."

அக்கா ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பாலத்துல சொன்னது?"

மாமா தலையைக் குனிந்துகொண்டு, பெரியவர் சொன்னதை ஒப்பித்தார். அவள் அறைக்குப் போய்ப் பையைக் கட்டினாள். "நாளைக்குச் சோன்புரிக்குக் காலைப் பஸ்ஸா, ராத்திரிப் பஸ்ஸான்னு வானைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க," என்று மட்டும் சொன்னாளாம்.

திரும்புகிற பஸ்ஸிலும் அதே மாதிரி சீட்டு. அக்கா ஜன்னலோரம். மாமா இந்த ஓரம், பையை மடியில் வைத்துக்கொண்டு. நடுவில் காலி. பஸ் பயாவை விட்டு நகர்ந்தது. கொஞ்ச தூரத்தில் பாலம். அங்கே வாய் திறக்காவிட்டால் கம்மூன் அந்தக் கரையிலேயே நின்றுவிடுவார். திறந்தால் அக்கா போவது நிச்சயமாகிவிடும்.

மாமா வாய் திறக்கவில்லை. உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. தொட்டிலில் படுத்திருந்த காலத்திலிருந்து போகிற வருகிறவரை எல்லாம் கூப்பிட்ட மனுஷன், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒருவரைக் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்தின் வெள்ளைக் கைப்பிடி தெரிந்தது.

"கம்மூன் அண்ணே," என்றாள் அக்கா, காலி சீட்டைப் பார்த்து, பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "பாலம் வருது. பார்த்து வாங்க."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் கும்பிட்டுக்கொண்டார். பஸ் பாலத்தில் ஏறியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது காலி சீட்டைத் தாண்டி ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்தது.

"புவாலா," என்றார் மாமா. "பாலம். பார்த்து."

பிரே வரைக்கும் அப்படியே வந்தார்கள். ஒவ்வொரு பாலத்திலும் அவள் ஒருவருக்குச் சொன்னாள், அவர் ஒருவருக்குச் சொன்னார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே கோயிலுக்குப் போய்த் தண்ணீர் வார்த்து, கம்மூனுக்குப் புண்ணியம் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். தண்ணீர் வார்க்கும்போது மாமா எதையோ சொல்ல வாயெடுக்க, அக்கா அவர் தொடையில் கிள்ளினாளாம். 'மறுபடி வாயேன்' என்று சொல்லிவிடுவார் என்று பயம்.

திங்கட்கிழமை காலையில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அழுதுவிடக் கூடாது என்று எண்ணிக்கொண்டே போனேன். அக்கா பின்கட்டில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"பெட்டி எதுக்குடி?"

"சோன்புரி?"

"எனக்கென்ன தலையெழுத்தா? நிப்பாவைப் பிள்ளையோட இங்க வந்து நாலு நாள் இருக்கச் சொல்லியிருக்கேன்."

"இல்லக்கா, இன்னொரு மனுசன் வந்தா போயிடுவேன்னு நீதானே..."

"அவர் கூட்டிட்டு வந்தா போவேன்னு சொன்னேன். திரும்பி வரும்போது கூட்டிட்டு வந்தது நானு. நான் கூப்பிட்டதுக்கு நான் எதுக்குடி போகணும்?" இடுக்கியால் மிளகாயைத் திருப்பிப் போட்டாள். "போகும்போது நடந்தது உனக்குத் தெரியும்தானே? தெரிஞ்சும் ஊமைக் கோட்டான் மாதிரி இருந்தியே, உன்னை அப்புறம் பேசிக்கறேன்."

பேசினாள். அதை இங்கே எழுத முடியாது.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். உள்ளே நுழைந்ததும் அதுதான் கண்ணில் படும். மாமா இப்போதும் ஐஸ் போடப் போகிறார், இப்போதும் வழி நெடுக எல்லாரையும் கூப்பிடுகிறார். யாரும் வருவதில்லை. சில நாள் கம்மூன் வீட்டுப் படி பக்கம் வந்ததும் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக விடுகிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, சண்டையா, ஏன் இப்படித் தள்ளி நிற்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். போன வாரம் நானே கேட்டேன், வேறு ஒன்று எடுத்து மாட்டக் கூடாதா என்று.

"எதுக்கு?" என்றாள் அக்கா. "எல்லாப் படத்துலயும் அண்ணன் இருக்காரு. இந்த ஒண்ணுலதான் என் தோளை மறைக்காம நிக்கிறாரு."